கருந்துளைச் சீற்றம், கேலக்ஸி வடிவம், மெஷின் லேர்னிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியலில் மெஷின் லேர்னிங் (உதாரணங்களைப் பார்த்துக் கணினி தானே கற்றுக்கொள்ளும் முறை) என்றதும் இரண்டு வேலைகள் முதலில் வந்து நிற்கும். எங்கோ ஒரு கருந்துளை திடீரென்று சீறும்போது அதைப் பிடிப்பது ஒன்று. கோடிக்கணக்கான கேலக்ஸிகளை வடிவம் பார்த்துப் பிரிப்பது இன்னொன்று. இவற்றைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரு வரி.

ஒளிகூடத் தப்ப முடியாது என்கிறார்கள். அப்புறம் கருந்துளை எப்படி வெடிக்கும்?

கருந்துளை வெடிப்பதில்லை. நடப்பதெல்லாம் அதன் வாசலுக்கு வெளியே நடக்கிறது. செய்திகளில் ‘வெடிப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்குச் ‘சீற்றம்’ என்பதுதான் சரியாகப் படுகிறது. எதுவும் சிதறிப் போவதில்லை. சீறிவிட்டு மறுபடி அடங்கிவிடுகிறது.

ஒரு கருந்துளையும் ஒரு சாதாரண நட்சத்திரமும் ஜோடியாகச் சுற்றிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரத்தின் வெளிப்புற வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கருந்துளைப் பக்கம் இழுபடுகிறது. சுழற்சி இருப்பதால் அது நேராக உள்ளே விழாமல், தட்டுபோல ஒரு வட்டாகப் பரவுகிறது. வட்டு குளிர்ந்திருக்கும்வரை வாயு மந்தமாகத்தான் நகரும். வந்து சேர்வது அதிகம், உள்ளே போவது குறைவு, அதனால் தேங்குகிறது. மதகு மூடிய ஏரியின் நிலை. தேங்கத் தேங்கச் சூடு ஏறுகிறது. வெப்பம் பத்தாயிரம் டிகிரியை நெருங்கும் இடத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனியாகின்றன. அயனியான வாயுவில் உராய்வு கூடும். அந்த உராய்வு சுழல் உந்தத்தை வெளிப்பக்கம் தள்ளிவிடும். அது போனதும் வாயு உள்ளே சரியும். ஓர் இடத்தில் தொடங்கிய சூடு அலையாக வட்டு முழுக்கப் பரவ, பல ஆண்டுகள் தேங்கியது சில வாரங்களில் இறங்கிவிடுகிறது. இறங்கும்போது வரும் எக்ஸ் கதிர் வெளிச்சம்தான் நாம் பார்க்கும் சீற்றம்.

வி404 சிக்னி இதற்கு நல்ல உதாரணம். நம்மிடமிருந்து சுமார் 7,800 ஒளியாண்டு. சூரியனைப்போல் 9 மடங்கு நிறையுள்ள கருந்துளை, ஆறரை நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் துணை நட்சத்திரம். 1938-இல் இது சீறியபோது பார்த்தவர்கள் ‘நோவா’ (திடீரென்று பிரகாசமாகும் வேறு வகை நட்சத்திரம்) என்று பதிவு செய்துவிட்டுப் போனார்கள். 1956-இல் சீறியது அப்போது யாருக்கும் தெரியவில்லை. பழைய புகைப்படத் தகடுகளைப் பிற்பாடு புரட்டியபோதுதான் அகப்பட்டது. 1989-இல் ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் எக்ஸ் கதிரில் பிடித்தது. பிறகு 26 ஆண்டு மௌனம். 2015 ஜூன் 15 அன்று ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் எச்சரிக்கை மணி அடித்தது. இரண்டு வாரம் ஆடித் தீர்த்தது. சிறு தொலைநோக்கி வைத்திருந்த ஆர்வலர்கள்கூட அந்த ஒளி நடுங்குவதைப் பதிவு செய்தார்கள். 1938-இன் பெயர்ச்சீட்டையும் 1956-இன் தகட்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தவறான பெயரும் யாரும் பார்க்காத தரவும்தான் இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலிகள்.

இதனால் பூமிக்கு ஆபத்து உண்டா?

இல்லை. நமக்குத் தெரிந்ததில் மிக அருகிலுள்ள கருந்துளையான கையா பிஎச்1 சுமார் 1,560 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அது சீறுவதும் இல்லை.

கேலக்ஸி நடுவே இருக்கும் பெரிய கருந்துளைகளும் இப்படித்தான் சீறுமா?

காரணங்கள் வேறு. நம் பால்வெளியின் நடுவிலுள்ள சஜிட்டேரியஸ் ஏ*, சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை கொண்டது. சோம்பேறி. அவ்வப்போது கண் சிமிட்டும், அவ்வளவுதான். 2019 மே மாதம் ஒரு இரவில் மட்டும் அகச்சிவப்பு ஒளி இரண்டு மணி நேரத்துக்குள் 75 மடங்கு மாறியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் வேறு ஏதோ நட்சத்திரம் என்று நினைத்தார்கள்.

பெரிய கருந்துளைகளின் பெரிய சீற்றத்துக்கு ஒரு நட்சத்திரம் பலியாக வேண்டும். நட்சத்திரம் மிக அருகில் போனால், அதன் முன்பக்கத்தை இழுக்கும் விசைக்கும் பின்பக்கத்தை இழுக்கும் விசைக்கும் உள்ள வித்தியாசமே அதைக் கிழித்துவிடும். கிழிந்ததில் ஏறக்குறைய பாதி தப்பி ஓடும், மீதி திரும்பி வந்து விழும். பொருள் வந்து விழும் வீதம் காலத்தின் மைனஸ் 5/3 அடுக்கில் குறையும் என்பது, 1988-இல் மார்ட்டின் ரீஸ் எழுதி 1989-இல் ஸ்டெர்ல் ஃபின்னி திருத்தியது, இன்றும் முதல் அளவுகோல். ஒரு வினோதம்: கருந்துளை சூரியனைப்போல் பத்துக் கோடி மடங்கைத் தாண்டினால், நம் சூரியன் போன்ற நட்சத்திரத்தைக் கிழிக்காமல் முழுசாக விழுங்கிவிடும். வெளியே வெளிச்சமே வராது. ஆகவே சீற்றத்தைக் காட்டுபவை பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழே உள்ள கருந்துளைகள்தான்.

சீற்றத்தை முதலில் யார் பார்ப்பது?

சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஜப்பானியப் பகுதியில் மேக்ஸி என்ற எக்ஸ் கதிர்க் கருவி 2009 முதல் இருக்கிறது. நிலையம் சுமார் 92 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்ற, கருவியும் வானத்தைத் துடைத்துக்கொண்டே வருகிறது. ஸ்விஃப்ட் இன்னொரு காவலாளி. ஆனால் எக்ஸ் கதிர்தான் எப்போதும் முந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். 2018 மார்ச்சில் மேக்ஸி ஜே1820+070 என்ற கருந்துளை சீறியபோது, அசாஸ்-எஸ்என் என்ற தரைத் தொலைநோக்கித் தொகுப்பு சாதாரண ஒளியில் அதைச் சில நாள் முன்னாலேயே பார்த்துவிட்டது. ஆனால் அது கருந்துளை என்று அப்போது தெரியாது. எக்ஸ் கதிர் செய்தி வந்த பிறகுதான் இரண்டும் ஒன்று என்று முடிச்சுப் போட்டார்கள். அந்தச் சில நாள் இடைவெளியைக் குறைப்பதற்கு மெஷின் லேர்னிங் உதவும்.

சரி, அதில் இயந்திரம் என்ன செய்கிறது?

முதல் வேலை குப்பை பொறுக்குவது. கேட்க அழகாக இல்லை, ஆனால் அதுதான் உண்மை.

கலிஃபோர்னியாவின் பாலமார் மலையில் 2018 முதல் இயங்கும் இசட்டிஎஃப் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இரவும் வானத்தைப் படம் எடுத்து, பழைய படத்தைப் புதியதிலிருந்து கழிக்கிறது. மிச்சம் ஏதாவது இருந்தால் அறிவிப்பு ஒன்று புறப்படும். ஒவ்வொரு அறிவிப்போடும் 63-க்கு 63 பிக்சல் அளவில் மூன்று சின்னப் படங்கள் வரும்: புதியது, பழையது, கழித்தது. நல்ல அறிவிப்பில் கழித்த படத்தின் நடுவே ஒரே ஒரு உருண்டைப் புள்ளி தெரியும். கெட்டதில் அதே இடத்தில் ஒரு பாதி வெள்ளையும் ஒரு பாதி கறுப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது எந்தச் சீற்றமும் இல்லை. இரண்டு படங்களையும் பொருத்தும்போது அரை பிக்சல் நழுவியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் சிலவற்றில் செயற்கைக்கோள் ஓடிய கோடு, பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி நிற்கும் முட்கள், காஸ்மிக் கதிர் குத்திய ஒற்றைப் பிக்சல். பத்துப் பதினைந்து பார்த்தால் நம் கண்ணுக்கே பழகிவிடும். இலட்சக்கணக்கில் வரும்போது கண்ணுக்கு முடியாது; படங்களைப் பார்த்துக் கற்ற நியூரல் நெட்வொர்க் என்ற கணினி நிரலுக்கு முடியும்.

இனி வருவது அதைவிடப் பெரியது. சிலியில் செர்ரோ பச்சோன் மலையிலுள்ள வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் கண்ணாடி, 3,200 மெகாபிக்சல் கேமரா. முழு வேகத்தில் ஓடும்போது இரவுக்கு ஒரு கோடி அறிவிப்பு வரை எதிர்பார்க்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரத்தில் ஒன்றில் மட்டும் தவறும் வடிகட்டி ஒன்று கையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதுவே இரவுக்குப் பத்தாயிரம் தவறு. நாம் தேடும் சீற்றமோ ஒன்றோ இரண்டோ. 99.9 சதவீதம் என்ற எண் அந்த இடத்தில் பல்லிளித்துவிடும்.

சூப்பர்நோவாவையும் கருந்துளைச் சீற்றத்தையும் இயந்திரம் எப்படிப் பிரித்தறிகிறது?

ஒளி ஏறி இறங்கும் கோட்டை, அதாவது லைட் கர்வை, பார்த்துத்தான். எத்தனை நாளில் ஏறியது, எத்தனை நாளில் பாதியானது, ஏறும்போது என்ன நிறம், இறங்கும்போது என்ன நிறம். சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரம், விரிந்து குளிரும்போது சிவப்புப் பக்கம் போகும். நட்சத்திரம் கிழிபட்ட சீற்றமோ வாரக்கணக்கில் நீலமாகவே, சூடாகவே நிற்கும். இடமும் ஒரு சாட்சி: கேலக்ஸியின் சரியான மையத்தில் நடந்ததா, கொஞ்சம் தள்ளியா?

சொல்ல எளிது. தரவு அப்படி ஒழுங்காக வருவதில்லை. மேகம், முழு நிலவு, பழுது பார்ப்பு என்று இடையில் ஓட்டைகள். ஒரு சீற்றத்துக்கு இருபது புள்ளி, இன்னொன்றுக்கு நாலே புள்ளி. அதனால் புள்ளிகளின் ஊடாக ஒரு வழுவழுப்பான கோட்டை, எங்கே எவ்வளவு நிச்சயம் என்ற அளவோடு, முதலில் வரைந்துகொள்கிறார்கள். இதற்குக் காஸியன் ப்ராசஸ் என்ற முறை வசதி. பிறகு அந்தக் கோட்டிலிருந்து எண்களைப் பிழிந்து ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற ஒரு வகைப்படுத்தும் முறைக்குக் கொடுக்கிறார்கள். புள்ளிகளை அப்படியே நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுப்பவர்களும் உண்டு. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். தப்பு நடந்தால் எந்த எண்ணில் நடந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

2018-இல் கேகிள் என்ற தரவுப் போட்டித் தளத்தில் ப்ளாஸ்டிக் என்று ஒரு போட்டி நடந்தது. பெயர் பிளாஸ்டிக்கைப் போல ஒலித்தாலும் ரூபின் ஆய்வகத்துக்காகச் செயற்கையாக உருவாக்கிய லைட் கர்வுகள்தான் அதில் இருந்தன. பயிற்சிக்குக் கொடுத்தது சுமார் 8,000 பொருள்கள். வகைப்படுத்தச் சொன்னது சுமார் 35 லட்சம். அதோடு நின்றதா? பயிற்சிப் பொருள்கள் பெரும்பாலும் அருகிலும் பிரகாசமாகவும் இருந்தன. தேர்வுப் பொருள்கள் தூரத்திலும் மங்கலாகவும் இருந்தன. பயிற்சியில் தலையே காட்டாத வகைகளும் தேர்வில் ஒளிந்திருந்தன. நிஜ வாழ்க்கையிலும் அப்படித்தான் நடக்கும் என்பதால் வேண்டுமென்றே செய்தது. வென்ற கைல் பூன், அருகிலுள்ள பொருள்களை எடுத்து, இதே பொருள் தூரத்தில் இருந்தால் எப்படி மங்கியிருக்கும் என்று கணக்கிட்டுப் புதுப் பயிற்சிப் பாடங்களாக மாற்றிக்கொண்டார். வெற்றிக்குப் பெரிய காரணம் அல்காரிதம் அல்ல, அந்தப் பாடங்கள்தான் என்பது என் கணிப்பு.

ஒரே கருந்துளையின் நடத்தையையும் வகைப்படுத்துவார்களா?

ஆமாம், இது எனக்குப் பிடித்த பகுதி. ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளை 1992-இல் சீறத் தொடங்கியது. கால் நூற்றாண்டுக்குமேல் அடங்கவே இல்லை. 2018-இல்தான் மங்கத் தொடங்கியது. அது சும்மா எரிந்துகொண்டிருக்கவில்லை. சில சமயம் ஒரு நிமிடம் முன்பின் இடைவெளியில் இதயத் துடிப்பு வரைபடம்போல ஏறி இறங்கும். சில சமயம் முழுக்க அணைந்ததுபோல் கிடந்து திடீரென்று துள்ளும். 2000-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கண்ணால் பார்த்து 12 வகைகளாகப் பிரித்து கிரேக்க எழுத்துப் பெயர்கள் வைத்தார்கள். துடிப்பு வகைக்கு ‘ரோ’. பின்னால் இன்னும் இரண்டு சேர்ந்தன.

2017-இல் டேனியேலா ஹப்பன்கோதனும் சகாக்களும் இதே வகைப்படுத்தலை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்து, ஆர்எக்ஸ்டிஇ செயற்கைக்கோளின் 16 ஆண்டுத் தரவு முழுவதையும் வாசிக்க வைத்தார்கள். கண்ணால் பார்த்துப் பெயரிட்டது அந்தத் தரவில் ஒரு பகுதிதான். மீதிக்கு அதுவரை பெயரே இல்லை. இங்கே ஒரு நெருடல் இருக்கிறது. 12 என்ற எண் இயற்கை கொடுத்ததா, நம் கண் கொடுத்ததா? இடைநிலைகள் நிறைய. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. இயந்திரம் ‘60 சதவீதம் இது, 40 சதவீதம் அது’ என்று சொல்வதைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். பல நேரம் அதுதான் சரியான விடை. இதே துடிப்பு பிற்பாடு ஐஜிஆர் ஜே17091–3624 என்ற இன்னொரு கருந்துளையிலும் தெரிந்தது என்பது, ரோ வகையாவது வெறும் கண்மயக்கம் இல்லை என்பதற்கு ஆறுதலான சாட்சி.

கேலக்ஸியின் வடிவத்தைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

வடிவம் அதன் ஜாதகம் இல்லை, வரலாறு. சுருள் கைகள் இருந்தால் வட்டு நிதானமாகச் சுழன்றிருக்கிறது, புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. முட்டை வடிவில் மொழுமொழுவென்று இருந்தால் பெரிய மோதலில் பழைய வட்டு கலைந்திருக்கலாம். இழுபட்ட வால் தெரிந்தால் மோதல் அண்மையில் நடந்தது. எட்வின் ஹபிள் 1926-இல் போட்ட நீள்வட்டம், சுருள், பட்டைச் சுருள், ஒழுங்கற்றது என்ற பிரிவுதான் இன்றும் அடித்தளம். அவர் வரைந்த படத்தில் இடப்பக்கத்துக் கேலக்ஸிகளை ‘முந்தியவை’ என்றும் வலப்பக்கத்தவற்றை ‘பிந்தியவை’ என்றும் இன்னும் சொல்கிறார்கள். வயதுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. புதிதாக வருபவர்களைக் குழப்புவதற்கென்றே விட்டுவைத்திருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சிலர், நிறத்தை வைத்தே பிரித்துவிடலாமே, சிவப்பு என்றால் நீள்வட்டம், நீலம் என்றால் சுருள் என்பார்கள். பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் சிவப்புச் சுருள்களும் நீல நீள்வட்டங்களும் உண்டு. சுவாரஸ்யமே அவற்றில்தான். நிறத்தை வைத்துப் பிரித்தால் அவை கண்ணில் படாமலே போகும்.

பயிற்சிக்கான பெயர்களை யார் எழுதினார்கள்?

பொதுமக்கள். 2007 ஜூலையில் கேலக்ஸி ஸூ தொடங்கியது. ஸ்லோன் என்ற வானப் படப்பதிவு ஆய்வின் சுமார் ஒன்பது லட்சம் கேலக்ஸிப் படங்களை இணையத்தில் போட்டு, ‘இது சுருளா, முட்டையா?’ என்று கேட்டார்கள். முன்னதாக ஆக்ஸ்ஃபோர்டில் கெவின் ஷவின்ஸ்கி தனியாளாக 50,000 படங்களைப் பார்த்து ஓய்ந்திருந்தார். அந்த அலுப்பில் பிறந்த யோசனை இது. முதல் ஆண்டிலேயே ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்து ஐந்து கோடி முறை வகைப்படுத்தினார்கள்.

அதில் ஒரு கூத்து. சுருள்கள் எந்தப் பக்கம் சுழல்கின்றன என்றும் கேட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் இடஞ்சுழி அதிகம்! பிரபஞ்சத்துக்கே ஒரு கைப்பழக்கம் இருக்கிறதா? அவசரப்படாமல், படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மறுபடி மக்களிடம் காட்டினார்கள். இடஞ்சுழி வலஞ்சுழி ஆகியிருக்க வேண்டும் அல்லவா? அப்போதும் இடஞ்சுழிதான் அதிகமாக வந்தது. சாய்வு வானத்தில் இல்லை, நம் கண்ணில் இருந்தது. கண்ணாடிச் சோதனை செய்யாமல் அந்தப் பெயர்களை அப்படியே இயந்திரத்துக்கு ஊட்டியிருந்தால், அது மிகத் துல்லியமாக நம் கண்ணின் கோணலைக் கற்றுக்கொண்டிருக்கும். துல்லியம் 98 சதவீதம் என்று கட்டுரையும் வந்திருக்கும்.

அதனால்தான் இன்று ‘சுருள்’ என்ற ஒற்றைப் பெயரைப் பலரும் பயிற்சிக்குக் கொடுப்பதில்லை. நாற்பது பேர் பார்த்து முப்பது பேர் சுருள் என்றால் 0.75 என்று கொடுக்கிறார்கள். இயந்திரம் ஊகிக்க வேண்டியது அந்த வாக்குப் பங்கை. மக்கள் தயங்கிய இடத்தில் அதுவும் தயங்க வேண்டும்.

நியூரல் நெட்வொர்க் கேலக்ஸியை எப்படிப் ‘பார்க்கிறது’?

சின்னச் சின்ன ஜன்னல்களைப் படத்தின் மேல் நகர்த்தி, முதலில் ஓரங்கள், பிறகு வளைவுகள், பிறகு கைகள், பட்டைகள் என்று அடுக்கடுக்காகச் சேர்க்கிறது. பூனைப் படங்களுக்கும் இதே வழிதான். ஒரு வித்தியாசம்: பூனைக்கு மேல் கீழ் உண்டு, கேலக்ஸிக்குக் கிடையாது. எத்தனை டிகிரி திருப்பினாலும் அதே கேலக்ஸிதான்.

இதை நன்றாகப் பயன்படுத்தியவர் சாண்டர் டீலமன். கேகிளில் 2014-இல் முடிந்த கேலக்ஸி ஸூ போட்டியில் 61,578 பயிற்சிப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் 37 வாக்குப் பங்குகளை ஊகிக்க வேண்டும். அவர் ஒவ்வொரு படத்தையும் திருப்பி, பிம்பமாக்கி, வெட்டி 16 பார்வைகளாக ஒரே நெட்வொர்க்குக்குள் அனுப்பி, விடைகளைச் சேர்த்து வென்றார்.

அதே தரவில் நானும் கைவைத்து அசிங்கப்பட்டேன். படங்கள் போதவில்லை என்று ஒவ்வொன்றையும் எட்டுத் திசையில் திருப்பி நகலெடுத்தேன். எல்லாவற்றையும் குலுக்கிப்போட்டு, பயிற்சிக்கு எண்பது பங்கு, சோதனைக்கு இருபது பங்கு பிரித்தேன். துல்லியம் 99-ஐத் தொட்டது. இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. மூன்றாம் நாள் சோதனைப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்போது ஒரு பட்டைச் சுருள், அதன் இடது ஓரத்தில் இரண்டு சிறு நட்சத்திரம். எங்கேயோ பார்த்த முகம். தேடினால் அதே கேலக்ஸி, அதே இரண்டு நட்சத்திரம் மேல் ஓரத்தில் நிற்க, பயிற்சிப் பெட்டியில் கிடந்தது. கேள்வித்தாளைக் கசியவிட்டுத் தேர்வு வைத்திருக்கிறேன். முதலில் பிரித்து, பிறகு பயிற்சிப் பங்கை மட்டும் நகலெடுத்து ஓட்டியபோது துல்லியம் 84-க்கு இறங்கியது. அதுதான் உண்மையான எண்.

95 சதவீதம் துல்லியம் என்று போட்டிருந்தால் நம்பலாமா?

எந்தக் கேலக்ஸிகளில் என்று கேளுங்கள். அருகிலுள்ள, பெரிய, முகம் காட்டி நிற்கும் கேலக்ஸிகளில் 95 எடுப்பது பெரிய விஷயமில்லை. தூரம் போகப் போக சுருள் கைகள் மங்கி, படத்தில் மொழுமொழு உருண்டையாகிவிடும். இயந்திரம் ‘நீள்வட்டம்’ என்னும். மனிதரும் அதையேதான் சொல்லியிருப்பார். இருவரும் ஒத்துப்போனால் துல்லியம் நூறு, உண்மை பூஜ்யம். அருகிலுள்ள கேலக்ஸியின் படத்தைச் செயற்கையாக மங்கலாக்கி, சிறிதாக்கி, தூரத்துக்குத் தள்ளியதுபோல் ஆக்கி, எப்போது விடை மாறுகிறது என்று சோதிப்பதுதான் இதற்கு மருந்து. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி வந்த பிறகு, ஹபிள் தொலைநோக்கி காட்டியதைவிட ஆதிகாலப் பிரபஞ்சத்தில் வட்டு வடிவக் கேலக்ஸிகள் மிக அதிகம் என்று தெரியவந்ததும் இதே கதையின் இன்னொரு பக்கம்.

பக்கவாட்டில் நிற்கும் கேலக்ஸி தனித் தொல்லை. சுருளா என்று கேட்டால் யாருக்குமே தெரியாது. ஒரு கோடுதான் தெரியும். ‘சொல்ல முடியாது’ என்ற விடைக்கு இடம் வைக்காத மாடலை நான் நம்புவதில்லை.

சீற்றமும் வடிவமும் வேறு வேறு துறையாயிற்றே, ஏன் சேர்த்து எழுதுகிறீர்கள்?

கேலக்ஸி ஸூ தொடங்கிய அதே 2007-இல் ஹானி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை, ஐசி 2497 என்ற சுருள் கேலக்ஸியின் படத்துக்குக் கீழே ஒரு விநோதத் திட்டைப் பார்த்தார். ‘இது என்ன?’ என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. டச்சு மொழியில் ‘பொருள்’ என்று அர்த்தம் வரும் ‘ஃபோர்வெர்ப்’ என்ற சொல்லே அதற்குப் பெயராகிவிட்டது. பிறகு புரிந்தது: ஐசி 2497-இன் நடுவிலுள்ள கருந்துளை முன்பொரு காலம் குவேசாராக, அதாவது வாயுவை விழுங்கியபடி மிகப் பிரகாசமாக ஒளிரும் மையமாக, ஜொலித்திருக்கிறது. அந்த ஒளி பல்லாயிரம் ஒளியாண்டு தள்ளியிருந்த வாயு மேகத்தில் பட்டு அதை ஒளிரவைத்தது. கருந்துளை அடங்கிவிட்டது, மேகம் இன்னும் ஒளிர்கிறது. வடிவம் பார்க்கச் சொன்ன இடத்தில் அகப்பட்டது ஒரு பழைய சீற்றத்தின் மிச்சம். அந்தப் படத்துக்கு இரண்டே பெட்டி வைத்த இயந்திரம் ‘சுருள்’ என்று சரியாகச் சொல்லி, திட்டைத் தாண்டிப் போயிருக்கும்.

எதிர்த்திசையிலும் தொடர்பு உண்டு. நட்சத்திரம் கிழிபடும் சீற்றங்கள் எல்லாக் கேலக்ஸியிலும் சமமாக நடப்பதில்லை. நூறு கோடி ஆண்டுக்குள் நட்சத்திரப் பிறப்பு பொங்கி ஓய்ந்த, பெரும்பாலும் ஒரு மோதலின் அடையாளம் உள்ள கேலக்ஸிகளில் பல மடங்கு அதிகம் நடக்கிறது. சீற்றம் நடந்த வீட்டின் வடிவம் ஒரு துப்பு.

அண்மைய உதாரணம் ஒன்று. கன்னி ராசி விண்மீன் கூட்டத்தின் திசையில், 30 கோடி ஒளியாண்டு தூரத்தில், எஸ்டிஎஸ்எஸ்1335+0728 என்ற கேலக்ஸி ஆண்டுக்கணக்கில் சாதுவாகக் கிடந்தது. 2019 டிசம்பரில் ஒளிரத் தொடங்கியது. இசட்டிஎஃப் அறிவிப்புகளைத் தானாக வகைப்படுத்தும் சிலி நாட்டு அமைப்பான அலெர்ச்சே, இதைச் சூப்பர்நோவா என்று ஒதுக்காமல், நடுக் கருந்துளை விழித்திருக்கிறது என்ற பக்கம் அடையாளம் காட்டியது. இசட்டிஎஃப் கொடுத்த குறியீட்டில் உள்ள எழுத்துகளிலிருந்து ‘ஆன்ஸ்கி’ என்று செல்லப்பெயர். 2024-இல் அது எக்ஸ் கதிரிலும் சுமார் நாலரை நாளுக்கு ஒருமுறை சீறத் தொடங்கியது. ஏன் என்று இன்னும் வாதம் ஓடுகிறது.

கருந்துளையை ஏஐதான் படம் எடுத்தது என்கிறார்களே?

2019-இல் வெளிவந்த, எம்87 கேலக்ஸியின் நடுக் கருந்துளைப் படம் உலகமெங்குமுள்ள ரேடியோ தொலைநோக்கிகளின் தரவைக் கணிதமுறையில் சேர்த்து உருவாக்கியது. அதைக் கூர்மையாக்கிய 2023-இன் ப்ரிமோ பதிப்பில்தான் மெஷின் லேர்னிங் வந்தது. அது கற்றது கணினியில் உருவாக்கிய கருந்துளைப் படங்களிலிருந்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்போது மனிதருக்கு இனி வேலை இல்லையா?

குறைந்த வேலை, ஆனால் கஷ்டமான வேலை. 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் தொலைநோக்கி 2025 மார்ச்சில் தன் முதல் தொகுப்பில் 3,80,000-க்கும் அதிகமான கேலக்ஸிகளின் வடிவப் பட்டியலை வெளியிட்டது. வகைப்படுத்தியது ஸூபாட் என்ற நெட்வொர்க். அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் 9,976 தன்னார்வலர்கள். அவர்களிடம் எல்லாப் படத்தையும் காட்டத் தேவையில்லை. இயந்திரம் குழம்பும் படங்களைத் தேர்ந்தெடுத்துக் காட்டினால் போதும் என்ற உத்தியும் இங்கே வந்துவிட்டது.

வீட்டில் இருந்தே தொடங்க என்ன வேண்டும்? ஜிபியு (வேகமாகக் கணக்கிடும் கிராஃபிக்ஸ் சில்லு) அவசியமா?

தொடக்கத்துக்கு வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதே போதும்.

கேலக்ஸிப் பக்கம் போக விரும்பினால் கேகிளின் பழைய கேலக்ஸி ஸூ தரவை எடுங்கள். ஸூபாட்டின் நிரலும் பைத்தானில் திறந்தே கிடக்கிறது. ஏற்கெனவே பயின்ற மாடலை எடுத்து உங்கள் கேள்விக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம். சீற்றப் பக்கம் என்றால் மேக்ஸியின் லைட் கர்வுகள் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் சாதாரண எழுத்துக்கோப்புகள். அதில் ஜிஎக்ஸ் 339–4 என்று தேடிப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சீறும் கருந்துளை என்பதால் ஒரே கோப்பில் பல சீற்றங்கள் அடுத்தடுத்து நிற்கும். ஏற்றம் செங்குத்து, இறக்கம் சாய்வு என்று பாடத்தில் படித்தது கண்முன் தெரியும். கூடவே சில சீற்றங்கள் பாதி வழியில் பின்வாங்கியிருப்பதும் தெரியும். அவற்றை எந்தப் பெட்டியில் போடுவது என்று யோசிக்கத் தொடங்கினால் அன்று தூக்கம் போச்சு.

நிரல் எழுதும் முன் ஒன்று செய்யுங்கள். ஐந்நூறு படத்தையாவது உங்கள் கையால் வகைப்படுத்தி ஒரு கோப்பில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து, முந்தைய விடையைப் பார்க்காமல், அதே ஐந்நூறையும் மறுபடி வகைப்படுத்துங்கள். இரண்டு கோப்பையும் ஒப்பிட்டால் நீங்களே உங்களோடு எத்தனை இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று ஓர் எண் வரும். எனக்கு ஐந்நூறில் 61.